பிராய்டின் அறையில் ஒரு நாய்

வீட்டில் வளர்க்கும் நாயைப் பழக்கி, மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் அழைத்துச் சென்று, நோயுற்றோருக்கு ஆறுதல் தரச் செய்யும் வழக்கம் மேலை நாடுகளில் வேரூன்றிவிட்டது. அத்தகைய நாயைச் சிகிச்சைத் துணைநாய் எனலாம். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாயிலிருந்து இது வேறுபட்டது. வழிகாட்டி நாய் ஒரே ஒருவருக்காக வாழ்கிறது. துணைநாயோ, வளர்ப்பவருடன் சென்று, முன்பின் அறியாத பலரின் கைகளுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறது.

இதன் வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் ஜோஃபி என்னும் நாயின் பெயரைக் குறிப்பிடத் தவறுவதில்லை. வியன்னாவில் சிக்மண்ட் பிராய்டின் அறையில், நோயாளிகள் மனம் திறந்து பேசும் நேரத்தில் உடனிருந்த நாய் அது. அதுவே உலகின் முதல் சிகிச்சைத் துணைநாய் என்று எழுதுவோரும் உண்டு. அந்தப் பட்டம் ஜோஃபிக்குப் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆனால், ஐயத்துக்குரிய அந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் பிராய்டின் கடைசிப் பதினைந்து ஆண்டுகள் தெளிவாகத் தெரிகின்றன.

பிராய்டு 1856-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், இன்று செக் குடியரசில் உள்ள ஃபிரைபர்க் என்ற சிற்றூரில், யூதக் கம்பளி வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். நான்கு வயதில் குடும்பத்துடன் வியன்னா வந்தார். அங்கே 78 ஆண்டுகள் வாழ்ந்தார். மருத்துவம் படித்தது, நரம்பியல் ஆய்வு செய்தது, கனவுகளின் பொருள் குறித்த பெருநூலை எழுதி உளப்பகுப்பாய்வு என்னும் துறையை நிறுவியது எல்லாம் பலரும் அறிந்தவை.

அவருடைய இளமையில் ஒரு சிறு செய்தி அதிகம் பேசப்படுவதில்லை. பள்ளி நாள்களில் அவரும் நண்பர் ஒருவரும் தாமாகவே ஸ்பானிய மொழி கற்றனர். அவர்களுக்குப் பாடநூலாக அமைந்தவற்றுள் ஒன்று, செர்வாண்டிஸ் எழுதிய நாய்களின் உரையாடல் என்னும் கதை. வல்லதோலித் நகரின் மருத்துவமனை வாயிலில் இரண்டு நாய்கள் ஓர் இரவு முழுதும் பேசுகின்றன. ஒரு நாய் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்கிறது. மற்றது கேட்கிறது, இடையிடையே திருத்துகிறது. நண்பர்கள் இருவரும் அந்த நாய்களின் பெயர்களைத் தமக்குச் சூட்டிக்கொண்டு கடிதம் எழுதிக்கொண்டனர். பிராய்டு எடுத்துக்கொண்டது, கேட்டுக்கொண்டிருக்கும் நாயின் பெயரை. பிற்காலத்தில் அவர் மேற்கொண்ட தொழிலை எண்ணினால் இது வியப்பளிக்கிறது.

இவ்வளவு இருந்தும், எழுபது வயதை நெருங்கும் வரை அவர் நாய் வளர்த்தவரல்லர். வீட்டுக்கு நாய் வந்தது துயரத்தின் வழியாக. 1920 ஜனவரியில் மகள் சோஃபி, உலகையே உலுக்கிய இன்ஃபுளூயன்சா காய்ச்சலில் இறந்தார். 1923 ஏப்ரலில் பிராய்டின் வாயில் புற்றுநோய்க்கான முதல் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதே ஆண்டு ஜூனில், சோஃபியின் இளைய மகன், நான்கரை வயதுக் குழந்தை, காசநோயால் மறைந்தான். தன் நோயைக் கலங்காமல் தாங்கிய அவர், பேரனின் மரணத்தைத் தாங்கவில்லை. அதன்பின் எதிலும் தமக்கு மகிழ்ச்சி இல்லை என்று நெருங்கியவர்களிடம் சொன்னார். அக்டோபரில் நடந்த பெரிய அறுவைச் சிகிச்சையில் மேல்தாடையின் ஒரு பகுதி அகற்றப்பட்டு, செயற்கை அண்ணம் பொருத்தப்பட்டது. பேசுவதும் உண்பதும் வலி தரும் செயல்களாயின. அடுத்த பதினாறு ஆண்டுகளில் அவருக்கு நடந்த அறுவைச் சிகிச்சைகள் முப்பதுக்கும் மேல்.

1925-இல் கடைசி மகள் அன்னாவுக்காக வுல்ஃப் என்ற ஜெர்மன் ஷெப்பர்டு நாய் வாங்கப்பட்டது. அவர் தனியாக உலாவச் செல்லும்போது பாதுகாப்பாக இருக்கட்டும் என்பது நோக்கம். நாய் அன்னாவுடையது, ஆனால் மெல்ல மெல்லத் தந்தையின் மனம் அதனிடம் சென்றது. இழந்த பேரனின் இடத்தை அந்த நாய் ஏறக்குறைய நிரப்பிவிட்டதாக அவர் கடிதம் ஒன்றில் எழுதினார். வுல்ஃப் சாதுவான நாயன்று. பிற்காலத்தில் பிராய்டின் வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதிய எர்னஸ்ட் ஜோன்ஸையே அது கடித்திருக்கிறது. ஆனால் அறிவுள்ள நாய். ஒருநாள் பிராட்டர் பூங்காவில் படைவீரர்கள் சுட்ட வெற்றுத் தோட்டாக்களின் ஓசைக்கு மிரண்டு ஓடிய வுல்ஃப், ஒரு வாடகைக் காரில் ஏறி அமர்ந்துகொண்டதாம். ஓட்டுநர் அதன் கழுத்துப் பட்டையிலிருந்த முகவரியைப் படித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பிராய்டின் மகன் மார்ட்டின் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அமெரிக்காவிலிருந்து நான்கு குழந்தைகளுடன் வியன்னா வந்து, அன்னாவின் வாழ்நாள் தோழியான டோரத்தி பர்லிங்காம், 1928-இல் பிராய்டுக்கென்றே ஒரு நாயைத் தந்தார். சௌ-சௌ என்னும் சீன இனம். சிங்கத்தின் பிடரி போன்ற அடர்ந்த முடியும் நீல நாக்கும் கொண்டது. அடுத்த ஆண்டு, சால்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் அந்த நாய் கட்டிலிருந்து விடுபட்டு ஓடி, தண்டவாளத்தில் அடிபட்டு இறந்தது. சில மாதங்களுக்குப் பின், 1930-இல், அதன் உடன்பிறப்பான ஜோஃபி வந்தது. ஜோஃபி என்றால் எபிரேயத்தில் அழகு என்று பொருள். அப்போது பிராய்டுக்கு வயது 73.

பெர்க்காஸே தெருவில் 19-ஆம் எண் வீட்டின் அந்த அறையை நாம் மனக்கண்ணில் காணலாம். கம்பளம் விரித்த சாய்வு மஞ்சம். சுற்றிலும் எகிப்திய, கிரேக்கச் சிற்பங்கள். இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தோற்றுவித்த கல்கத்தாவின் கிரீந்திரசேகர் போஸும் நண்பர்களும் பிராய்டின் 75-ஆம் பிறந்தநாளுக்காக அனுப்பிய தந்தத்தாலான திருமால் உருவமும் அவரிடம் இருந்தது. மஞ்சத்தில் படுத்திருப்பவருக்குத் தெரியாத வகையில் தலைமாட்டில் பிராய்டு அமர்ந்திருப்பார். அருகே தரையில் ஜோஃபி.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இங்கே ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரியாவில் வீசிய பணவீக்கப் புயலில் பிராய்டின் சேமிப்பு முழுவதும் கரைந்துபோனது. 1925-இல் புதிய நாணயமான ஷில்லிங் புழக்கத்துக்கு வந்தபோது, ஒரு ஷில்லிங்குக்குப் பழைய கிரவுன்கள் பத்தாயிரம் என்று கணக்கிட்டார்கள். குடும்பத்தைக் காப்பாற்ற, டாலரிலும் பவுண்டிலும் கட்டணம் தரக்கூடிய அமெரிக்க, ஆங்கிலேய நோயாளிகளையும் மாணவர்களையும் அவர் நாட வேண்டியிருந்தது. ஜோஃபியைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பவற்றுள் பல, நாடு திரும்பித் தம் நினைவுகளை எழுதிய அந்த வெளிநாட்டவர்களால் கிடைத்தவை. பணவீக்கம் இல்லையேல் ஜோஃபியும் ஒரு வீட்டு நாயாகவே மறைந்திருக்கும்.

அவர்கள் சொல்வது என்ன? குறித்த நேரம் முடிந்ததும் ஜோஃபி எழுந்து கொட்டாவி விடும். பிராய்டு கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பது மார்ட்டின் சொன்ன செய்தி. நேரத்தை விற்றுப் பிழைத்த ஒருவருக்கு அது எவ்வளவு பயனுள்ள உதவி! வருபவர் பதற்றமாக இருந்தால் ஜோஃபி விலகிப் படுக்கும், அமைதியாக இருந்தால் அருகில் வரும் என்றும், வருபவரின் மனநிலையை அறிய பிராய்டு அதைக் கவனித்தார் என்றும் கூறுவர். ராய் கிரிங்கர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் பேசிக்கொண்டிருந்தபோது, ஜோஃபி கதவைப் பிறாண்டி வெளியேறியது. அவர் சொன்னதை நாய் ஏற்கவில்லை என்று பிராய்டு வேடிக்கையாகச் சொன்னாராம். அது மீண்டும் உள்ளே வர விரும்பியபோது, உமக்கு மறுவாய்ப்புத் தருகிறது என்றாராம்.

1933-இல் வந்த கவிஞர் ஹில்டா டூலிட்டிலின் அனுபவம் இன்னும் கூர்மையானது. முதல் சந்திப்பிலேயே அவர் குனிந்து ஜோஃபியைத் தொட முயன்றார். புதியவர்களைக் கடிக்கக்கூடும், தொட வேண்டாம் என்று பிராய்டு எச்சரித்தார். கவிஞர் கேட்கவில்லை, நாயும் கடிக்கவில்லை, அவர் கையில் முகம் வைத்து அவரை ஏற்றுக்கொண்டது. இந்த இணக்கம் இருவரிடையே நல்லுறவுக்கு வழிவகுத்தது. ஆனால், அதே கவிஞர் வேறொன்றையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நேரம் முடியும் தறுவாயில் ஜோஃபி எழுந்து நடமாடத் தொடங்கினால், தம் கதையைவிட நாயின் மீதே பேராசிரியருக்கு அக்கறை அதிகம் என்று தோன்றி அவருக்கு எரிச்சல் வந்திருக்கிறது.

இங்கேதான் என் ஐயம். இன்று ஒரு நாய் சிகிச்சைத் துணையாக ஏற்கப்பட வேண்டுமானால், முதலில் அதன் இயல்பு சோதிக்கப்படுகிறது. பொதுவாக ஒரு வயதேனும் நிறைந்திருக்க வேண்டும். உட்கார், படு, இரு, வா என்னும் கட்டளைகளுக்குப் பணிய வேண்டும். அந்நியர் தடவும்போது ஒதுங்கவோ பாய்ந்து மேலேறவோ கூடாது. இன்னொரு நாயைக் கண்டாலும் நிலை குலையக் கூடாது. அமெரிக்கக் கென்னல் கழகம் 1989-இல் தொடங்கிய நற்பழக்கத் தேர்வில் இத்தகைய பத்துச் சோதனைகள் உண்டு. அதற்கு மேலும் மருத்துவமனைக்குரிய பயிற்சி தேவைப்படுகிறது. சக்கர நாற்காலி உருளும்போதும், ஊன்றுகோல் தட்டும்போதும், உலோகத் தட்டு கீழே விழுந்து ஒலிக்கும்போதும் நாய் மிரளாதிருக்க வேண்டும். தரையில் கிடக்கும் உணவையும் மாத்திரையையும், விடு என்ற ஒரு சொல்லுக்குத் தொடாமல் விட வேண்டும். இது அதன் உயிரையே காக்கும் பழக்கம். இவை மிரட்டிக் கற்பிக்கப்படுவதில்லை. செய்ததற்கு உடனே ஒரு தின்பண்டம், ஒரு பாராட்டு. முதலில் அமைதியான வீட்டில், பிறகு தெருவில், பிறகு கூட்டத்தில் என்று படிப்படியாகப் பழக்குகிறார்கள்.

அந்தத் தேர்வில் ஜோஃபி தேறியிருக்காது. வளர்ப்பவரே, கடிக்கக்கூடும் என்று எச்சரித்த நாய் அது. சௌ-சௌ இனமே ஒருவரிடம் பற்றுக்கொண்டு மற்றவரிடம் ஒட்டாத இயல்புடையது. லூன் என்ற இன்னொரு சௌ-சௌவுடன் ஜோஃபிக்கு ஒத்துவரவில்லை. ஆகவே, லூனை அதே கட்டடத்தில் குடியிருந்த டோரத்தியிடம் ஒப்படைக்க நேர்ந்தது.

புகழ்பெற்ற அந்தக் கொட்டாவியையும் மறுபடி எண்ண வேண்டியிருக்கிறது. கொட்டாவி, உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் ஆகியவை நாயின் மனஅழுத்தத்தைக் காட்டக்கூடும் என்று இன்றைய பயிற்சியாளர்கள் வளர்ப்பவருக்குக் கற்பிக்கிறார்கள். நாய்க்குத் தரும் பயிற்சியில் பாதி உண்மையில் வளர்ப்பவருக்கே. நாய் களைத்தால் உடனே வெளியே அழைத்துச் செல்வது அவர் கடமை. ஜோஃபியின் கொட்டாவி வெறும் பழக்கமாகவும் இருந்திருக்கலாம். போதும் என்ற வேண்டுகோளாகவும் இருந்திருக்கலாம். ஆயினும், அது எழுந்தபோது பேச்சு நின்றது. கதவைப் பிறாண்டியபோது கதவு திறந்தது. பெயர் பெற்ற ஒரு மருத்துவரின் அறையில், கட்டணம் செலுத்திய நோயாளியின் முன், நாயின் விருப்பம் மதிக்கப்பட்டது.

அந்த அறையில் ஜோஃபி யாருக்குத் துணையாக இருந்தது என்று கேட்டால், பேசியவரைவிடக் கேட்டுக்கொண்டிருந்த முதியவருக்கே என்பேன். மனித உறவுகள் அனைத்திலும் அன்பும் வெறுப்பும் பின்னிக் கிடப்பதைக் காட்டியவர் பிராய்டு. நாயின் அன்பில் அந்தப் பின்னல் இல்லை என்பதையே அதன்மீது தமக்குள்ள விசித்திரமான பற்றுக்குக் காரணமாக அவர் மேரி போனபார்ட்டுக்கு எழுதினார். நாயைச் சிகிச்சைக் கருவியாக்கி அவர் கொள்கை எதுவும் வகுக்கவில்லை. அதைச் செய்தவர் நியூயார்க்கின் எஷிவா பல்கலைக்கழக உளவியலாளர் போரிஸ் லெவின்சன். யாருடனும் ஒட்டாத ஒரு சிறுவன், லெவின்சனின் வீட்டு நாய் ஜிங்கிள்ஸுடன் இணங்கியதை அவர் தற்செயலாகக் கண்டார். 1961-இல் அமெரிக்க உளவியல் சங்கக் கூட்டத்தில் அதை எடுத்துரைத்தபோது சிலர் நகைத்தனர். பிராய்டின் அறையிலும் ஒரு நாய் இருந்தது என்ற செய்தி பரவிய பிறகு நகைப்பு குறைந்தது என்பர். ஒரு பெரிய பெயர் தரும் மதிப்பை அறிவியல் அவைகளும் புறக்கணிப்பதில்லை.

1937 ஜனவரியில் சினைப்பைக் கட்டிக்காக ஜோஃபிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. தேறிவருவதாகத் தோன்றிய நாய், சில நாள்களில் இதயம் நின்று இறந்தது. ஏழாண்டு நெருக்கத்தை எளிதில் கடக்க முடியாது என்று நண்பருக்கு எழுதிய பிராய்டு, உடனே லூனைத் திரும்ப அழைத்துக்கொண்டார். 80 வயதில் நாயில்லாமல் இருக்க அவரால் இயலவில்லை.

1938 மார்ச்சில் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றினர். அன்னாவை ரகசியக் காவல் படையினர் ஒருநாள் முழுதும் பிடித்து வைத்திருந்து விடுவித்தனர். நாட்டைவிட்டு வெளியேறுவோர் சொத்தில் நான்கில் ஒரு பங்கை வரியாகச் செலுத்த வேண்டும். அதற்கான பணத்தை மேரி போனபார்ட் கொடுத்து உதவினார். பயண அனுமதிக்காகக் காத்திருந்த அந்த வாரங்களில் பிராய்டு செய்த பணி என்ன தெரியுமா? மேரி போனபார்ட் தம் சௌ-சௌ நாயான டாப்ஸியைப் பற்றி எழுதிய சிறு நூலை, அன்னாவுடன் சேர்ந்து ஜெர்மனில் மொழிபெயர்த்தார். டாப்ஸிக்கும் வாயில் புற்று. கதிர்வீச்சுச் சிகிச்சையால் அது பிழைத்த கதையே அந்நூல்.

ஜூன் 4-ஆம் நாள் பிராய்டு, மனைவி மார்த்தா, அன்னா ஆகியோருடன் லூனும் ரயிலேறியது. பின்தங்கிய சகோதரிகள் நால்வர் நாஜி முகாம்களில் மடிந்தனர். லண்டன் சேர்ந்ததும், ரேபிஸ் நோயைத் தடுக்கும் ஆங்கிலேயச் சட்டப்படி லூன் ஆறு மாதம் தனிமைக் காப்பகத்தில் அடைக்கப்பட்டது. நோயுற்ற முதியவர் தம் நாயைக் காண அங்கே சென்றுவந்ததைப் பத்திரிகைகள் செய்தியாக்கின. டிசம்பரில் லூன் வீடு திரும்பியது.

1939 கோடையில் புற்று கன்னத்தை அரித்துத் துளையாக்கியது. ஈக்கள் மொய்க்காதிருக்கப் படுக்கையைச் சுற்றிக் கொசுவலை கட்டினர். அழுகிய திசுவின் வாடையைப் பொறுக்க மாட்டாமல், லூன் அறையின் தொலைவான மூலைக்குச் சென்று ஒடுங்கிக்கொண்டது, அழைத்தாலும் வரவில்லை. பிராய்டு அதன்மீது குறைபட்டுக்கொள்ளவில்லை. அதன் பொருள் அவருக்குத் தெரிந்திருந்தது. செப்டம்பர் 21-ஆம் நாள், மருத்துவர் மாக்ஸ் ஷூரிடம், முன்பு இருவரும் செய்துகொண்ட உடன்பாட்டை நினைவூட்டினார். ஷூர் மார்ஃபின் செலுத்தினார். 23-ஆம் நாள் விடியலுக்கு முன் பிராய்டின் உயிர் பிரிந்தது.