ஏட்டுச் சுவடிகளோடு ஒரு வாழ்க்கை

தமிழ்த் தாத்தா என்று நம் குழந்தைகளும் அறிந்த மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரை, பிறவியிலேயே பழைய சுவடிகளுக்கென்று பிறந்தவராகவே நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை அதுவன்று. தமக்குரிய பணி எது என்பதை அறிய அவருக்கு இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

1855-ஆம் ஆண்டில் பிறந்த ஐயரவர்களின் தந்தையார் ஒரு சங்கீத வித்துவான். மகனும் அவ்வழியே வர வேண்டுமென்பது அவர் விருப்பம். மகனுக்கோ தமிழின்மேல் தீராத மோகம். 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். அதே ஊரில் அப்போது கோபாலகிருஷ்ண பாரதியாரும் இருந்தார். அவரிடம் இசை பயிலும் பேறும் கிட்டியது. ஆனால், இசைப் பயிற்சி தமிழ்க் கல்விக்கு இடையூறாகும் என்று ஆசிரியர் கருதுவதை உணர்ந்ததும் அதனை நிறுத்திக்கொண்டார். இசையில் ஊறிய குடும்பத்துப் பிள்ளைக்கு அது எளிதாக இருந்திருக்க முடியாது.

1876-இல் ஆசிரியர் மறைந்தார். பின்னர் திருவாவடுதுறை மடத்தின் ஆதரவில் பயின்று, 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். நிலையான உத்தியோகம், மாணாக்கரின் அன்பு, ஊராரின் மதிப்பு யாவும் வாய்த்தன. வேறொருவராயின் இத்துடன் மனநிறைவு கொண்டிருப்பார்.

அவ்வாண்டு அக்டோபரில், அவ்வூருக்கு முனிசீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் கற்றீர் என்று முதலியார் வினவ, அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என நீண்டதொரு பட்டியலைப் பெருமையோடு சொன்னார் ஐயர். முதலியார் சிறிதும் வியக்கவில்லை. சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா, சிலப்பதிகாரத்தை, மணிமேகலையைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்நூல்களின் ஏட்டையே ஐயர் கண்டதில்லை.

அந்த இடத்தில் ஒரு புலவர் சினந்து எழுந்து போயிருக்கலாம். ஐயர் மறுபடியும் போனார். முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியைக் கையில் வாங்கியபோதுதான் அவருடைய உண்மையான வாழ்க்கை தொடங்கிற்று என்பது என் கருத்து.

நூலோ விளங்கவில்லை. உரையில் வரும் மேற்கோள்கள் எந்த நூலினவென்று சொல்வாரும் இல்லை. அது சமண காவியமாதலின், கும்பகோணத்துச் சமண அன்பர்களின் இல்லங்களைத் தேடிச் சென்று, மாணாக்கரைப்போல் அமர்ந்து அவர்கள் சமயக் கொள்கைகளைக் கேட்டறிந்தார். சைவர் ஒருவர் சமண நூலுக்கு இத்துணை உழைப்பதா என்று முகஞ்சுளித்தோரும் உண்டு. அவர் பொருட்படுத்தவில்லை. பிற்காலத்தில் மணிமேகலைக்காகப் பௌத்த சமயத்தையும் இவ்வாறே கற்றார்.

பகலில் கல்லூரி, இரவில் ஏடு. அச்சுச் செலவுக்கு அன்பர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்க வேண்டியிருந்தது. ஒப்பிய தொகை எல்லாம் வந்து சேரவில்லை. ஏழாண்டு உழைப்பின்பின் 1887-இல் சிந்தாமணி வெளிவந்தது. அதன்பின் பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன.

சுவடி தேடி அவர் அலைந்த ஊர்கள் பல. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பாண்டியர் காலத்து ஏடுகள் உண்டெனக் கேட்டு ஆவலோடு சென்றார். பழுதான ஏடுகளை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து அக்கினியில் இட்டுவிட்டதாக அங்கே சொன்னார்கள். தீயில் போனவை எவையோ! அந்தத் துயரத்தை அவர் தம் எழுத்திலேயே பதிந்து வைத்திருக்கிறார். ஆயினும் அடுத்த ஊருக்குச் செல்லாமல் நின்றாரில்லை.

1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1906-இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரை அடைந்தன. 1919-இல் ஓய்வு பெற்ற பின்னும் ஏட்டை விடவில்லை. குறுந்தொகைப் பதிப்பை 1937-இல் வெளியிட்டபோது அவருக்கு வயது எண்பத்திரண்டு.

முதுமையில், அன்பர்களின் வேண்டுகோளுக்கிணங்கித் தம் வரலாற்றை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கினார். போர்க்காலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்று தங்கியிருந்தபோது, 1942 ஏப்ரல் 28-ஆம் நாள் காலமானார். எத்தனையோ நூல்களைச் செப்பம் செய்து முடித்துக்கொடுத்த அவருடைய சொந்தச் சரித்திரம் 1899-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளோடு முடிவுறாமல் நின்றுவிட்டது.