இலவச டிக்கெட், கூடவே குடை: வ.உ.சி.யின் கப்பல் கம்பெனியை வீழ்த்திய விலைப்போர் இன்று நடந்தால் குற்றமா?

கூகுள், ஆப்பிள் பற்றிய செய்திகளில் 'ஆன்டிட்ரஸ்ட்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. அந்தச் சொல் குறிக்கும் அநியாயத்தை நூறு ஆண்டுகளுக்கும் முன்பே அன்றைய திருநெல்வேலிச் சீமை பார்த்துவிட்டது. அதில் சிக்கியவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

ஆன்டிட்ரஸ்ட் அப்படின்னா என்ன?

நம்ம ஊரில் ட்ரஸ்ட் என்றால் அறக்கட்டளை. 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவிலோ, போட்டிக் கம்பெனிகள் தங்கள் பங்குகளை ஒரே குழுவிடம் ஒப்படைத்து, சந்தையை மொத்தமாகக் கையில் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு அந்தப் பெயர் இருந்தது. அதைத் தடுக்க 1890-ல் ஷெர்மன் சட்டம் வந்தது. 'ட்ரஸ்ட்டுக்கு எதிரானது' என்ற பொருளில் ஆன்டிட்ரஸ்ட் என்ற சொல் நிலைத்தது. இப்போது ஏகபோகத்துக்கு எதிரான எந்தச் சட்டத்தையும் பொதுவாக அப்படிச் சொல்கிறார்கள்.

ஒட்டப்பிடாரத்தில் இருந்து கடலுக்கு

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி., வக்கீல். தூத்துக்குடி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தூத்துக்குடி - கொழும்பு கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் பிடியில் இருந்தது.

அதை எதிர்த்து 1906 அக்டோபர் 16-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார் வ.உ.சி. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். முதலில் வாடகைக் கப்பல்தான். கப்பல் கொடுத்தவருக்கு வெள்ளைக்கார கம்பெனி நெருக்கடி தர, அதுவும் கைவிட்டுப் போனது. பிறகு காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் சொந்தமாகவே வந்தன.

சும்மா கூட்டிப்போன கப்பல்

வெள்ளைக்கார கம்பெனி கட்டணத்தை 1 ரூபாயாகக் குறைத்தது. வ.உ.சி. அரை ரூபாய் ஆக்கினார். அடுத்து அந்தக் கம்பெனி இலவசமாகவே பயணிகளை ஏற்றியது; கூடவே ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது.

சும்மா கிடைத்தால் பயணிக்கு லாபம்தானே, இதுல என்ன தப்பு? நஷ்டத்தைத் தாங்கும் பணபலம் பெரிய கம்பெனிக்கு இருந்தது. சிறிய பங்குகளால் திரட்டிய கம்பெனிக்கு இல்லை. போட்டியாளர் ஒழிந்தபின் கட்டணத்தை இஷ்டம்போல் ஏற்றலாம். அன்றைக்கு இதைத் தட்டிக்கேட்க இந்தியாவில் சட்டம் இல்லை.

சட்டம் பாய்ந்தது யார் மேல்?

சட்டம் வ.உ.சி. மீதுதான் பாய்ந்தது. 1908 மார்ச்சில் தாமிரபரணிக் கரையில் தைப்பூச மண்டபத்தில் பேசிய அவரை, மார்ச் 12-ல் திருநெல்வேலியில் கைது செய்தார்கள். மறுநாள் நெல்லை கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் பலியானார்கள். ராஜதுரோக வழக்கில் இரட்டை ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டில் குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார்.

1911-ல் ஷெர்மன் சட்டத்தின்கீழ் ராக்பெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தை உடைக்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டில் இங்கே சுதேசி கம்பெனி கலைக்கப்பட்டது. அப்போது வ.உ.சி. சிறையில் இருந்தார்.

1912 டிசம்பரில் விடுதலையானவருக்கு வக்கீல் உரிமமும் இல்லை, வருமானமும் இல்லை. கடை வைத்துப் பார்த்தார், கஷ்டம் தீரவில்லை. உரிமம் திரும்பக் கிடைக்க நீதிபதி வாலஸ் உதவினார். அந்த நன்றிக்காக மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் காலமானார்.

இன்று நடந்தால்?

2002-ம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 4-வது பிரிவுப்படி, சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனம் போட்டியாளரை ஒழிக்கும் நோக்கில் அடக்க விலைக்கும் கீழே விற்பது குற்றச்சாட்டுக்குரியது. அரை ரூபாய்க்கு டிக்கெட் விற்ற வ.உ.சி. மீது இது பாயாது. அவரிடம் ஆதிக்கம் இல்லை. இலவசக் கப்பல் விட்டவர்கள்தான் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.