மெஷினை அல்ல, மனுஷங்களைப் படித்தவர்: யார் இந்த கமலா சவுத்ரி?

ராஜபாளையம் மாதிரி மில் ஊர்களில் பழகிய கேள்வி இது. அதே மெஷின், அதே பஞ்சு. ஆனாலும் ஒரு ஷிப்ட் நல்லா ஓடுது, இன்னொண்ணு இழுக்குது. ஏன்? இதற்கு மனுஷங்களிடம் விடை தேடிய இந்திய முன்னோடிகளில் ஒருவர் கமலா சவுத்ரி.

1920-ல் லாகூரில் பிறந்தார். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே, ஐ.சி.எஸ். அதிகாரியான கணவர் கொல்லப்பட்டார். அந்தத் துயரத்திலிருந்து மீண்டு அமெரிக்கா போனவர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சமூக உளவியலில் பிஹெச்.டி. முடித்தார்.

நாடு திரும்பியதும், விக்ரம் சாராபாய் உருவாக்கிய அகமதாபாத் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான ‘அடிரா’வில் சேர்ந்தார். மற்றவர்கள் நூலையும் துணியையும் ஆராய, இவர் கவனித்தது தொழிலாளிகளையும் சூப்பர்வைசர்களையும்தான். உற்பத்தியைத் திட்டமிடும் விதத்துக்கும் தொழிலாளியின் மன உற்சாகத்துக்கும் என்ன தொடர்பு என்று மில்களில் ஆராய்ந்து, சக ஆய்வாளருடன் சேர்ந்து 1957-ல் கட்டுரை வெளியிட்டார்.

1961-ல் ஐ.ஐ.எம். அகமதாபாத் உருவானபோது, அதன் முதல் பேராசிரியர் இவர்தான். 1965-ல் ரவி மத்தாய் முழுநேர இயக்குநராக வரும்வரை, சாராபாயுடன் சேர்ந்து அதை வளர்த்தெடுத்தார். பின்னாளில் தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியத்துக்கும் தலைமை வகித்தார். 2006-ல் காலமானார்.

‘ஆர்கனைசேஷனல் பிஹேவியர்’ என்ற பெயரில் இன்று பிஹெச்.டி. செய்பவர்கள் நடப்பதும் அவர் போட்ட பாதையில்தான். அப்ரைசலில் ‘ஆள் சரியில்லை’ என்று முடிவு கட்டும் முன், வேலை ஒழுங்கா திட்டமிடப்பட்டிருக்கான்னு பார்க்கணும் இல்லையா?