குஸ்தாவ் கிர்க்காப்

மின்னோட்டம் பயிலும் நம் கல்லூரி நண்பர்கள் கிர்க்காப் என்னும் பெயரை நன்கறிவர். 1845-இல், தாம் மாணவராயிருந்தபோதே அவர் வகுத்த விதிகளை இன்றும் தேர்வுக்கென மனப்பாடஞ் செய்கின்றனர். ஆயினும் அவர்தம் மெய்ப்புகழ் ஒரு சிட்டிகை உப்பிலே அடங்கியுள்ளதென்பது எம் துணிபு.

அவர் பிரஷ்ய நாட்டுக் கேனிக்ஸ்பர்க் நகரில் 1824-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாள் பிறந்தார். 1854-இல் ஹைடல்பர்க் சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியரானார். ஆங்கு இரசாயனங் கற்பித்த பன்சன் அவருடைய உற்ற நண்பர். உலோக உப்புக்கள் சுடருக்கு ஊட்டும் நிறங்களைப் பன்சன் வண்ணக் கண்ணாடிகளின் வழியே நோக்கி ஆராய்ந்து வந்தார். அவ்வொளியை முப்பட்டைக் கண்ணாடியாற் பிரித்துப் பார்த்தலே தக்கதென அவருக்கு உணர்த்தியவர் கிர்க்காப்.

சூரிய ஒளியை அவ்வாறு பிரித்தால், நிறங்களுக்கிடையே கரிய கோடுகள் பல தோன்றும். 1814-இலேயே பிரான்ஹோபர் அவற்றைக் கண்டு குறித்திருந்தும், காரணம் துலங்கவில்லை. மஞ்சட் பகுதியிற் கரிய இரட்டைக் கோடு உள்ள அதே இடத்தில், கறியுப்பிட்ட சுடரோ ஒளிமிக்க கோட்டைக் காட்டும். 1859-இல் கிர்க்காப் சூரியக் கதிரின் வழியில் உப்புச் சுடரை வைத்தார். கதிர் மெலிந்திருந்தபோது சுடரின் ஒளி கரிய கோட்டை நிரப்பிற்று. கதிர் மிக்கபோதோ அக்கோடு முன்னினும் கருமையுற்றது! விளக்கை வைக்க இருள் மிகுதல் யாங்ஙனம்? கருவியின் பிழையென்று பலர் விட்டிருப்பர். அவரோ, கரிய கோடுகளே இல்லாத, வெண்சூடேறிய சுண்ணாம்பின் ஒளியைச் சாராய விளக்கின் உப்புச் சுடரூடே செலுத்தினார். அதே இடத்திற் கரிய கோடு பிறந்தது. சோடியத்தின் ஆவி தான் உமிழும் ஒளி எதுவோ அதனையே தன்னூடு வரும் ஒளியினின்றும் உண்கின்றது எனத் தெளிந்தார். சூரியனிற் சோடியம் உண்டென்பதும் அதனாற் பெறப்பட்டது.

1868-இல் காலிற் காயமுற்று, நெடுங்காலம் ஊன்றுகோலும் சக்கர நாற்காலியுமே துணையாயினர். மறு ஆண்டில் மனைவியார் மக்களை விட்டு மறைந்தார். நின்று சோதனை செய்தல் அரிதாகவே, 1875-இல் பெர்லினில் கணிதவழிப் பௌதிகங் கற்பிக்கச் சென்றார். 1887-இல் அந்நகரிலேயே காலமானார்.

ஒளியுண்ணும் இவ்வியல்பைக் கொண்டு பொருளின் அளவைக் காண இரசாயனியர் நெடுநாள் முனைந்திலர். சுடர் தரும் ஒளியையே நோக்கியிருந்தனர். 1955-இல் ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் அவ்வழியைத் திறந்தார். ஈயத்தை அளக்க வேண்டின், ஈயம் உமிழும் ஒளியையே தரும் விளக்கொன்றை ஏற்றுவர். கரைசலை நுண்துளிகளாக்கி, அசெட்டிலீன் சுடரிலே தூவுவர். கரைசல் ஆவியாகி அணுக்கள் தனித்து நிற்க, அவை அவ்வொளியிற் சிறிது உண்ணும். குறைந்த ஒளியை அளவறிந்த கரைசல்களோடு ஒப்பிட, ஈயத்தின் அளவு புலனாகும். குடிநீரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கேயான செம்பும் துத்தநாகமும் இம்முறைக்குத் தப்புவதில்லை.