கேள்வியைப் பகுத்த பேரறிஞர்

நுழையும்முன்

நூலகத் தரவுத்தளத்தில் ஒரு சொல்லை இட்டால் நூல்களும் கட்டுரைகளும் ஆயிரக்கணக்கில் வந்து குவிகின்றன. அவற்றுள் நமக்கு வேண்டிய ஒன்றை எவ்வாறு கண்டடைவது? கணினி பரவுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இவ்வினாவுக்கு விடை தேடியவர், தமிழ்மண்ணில் பிறந்த கணித ஆசிரியர் ஒருவர்.

விரும்பாமல் ஏற்ற பணி

சீ. இரா. இரங்கநாதன் 1892ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். மங்களூர், கோயம்புத்தூர் அரசுக் கல்லூரிகளிலும் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். 1924ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். மாணவர் சூழ நின்று பாடம் சொல்லிப் பழகிய அவருக்கு நூலகத்தின் தனிமை ஒத்துவரவில்லை. சில நாள்களிலேயே ஆசிரியப் பணிக்குத் திரும்பிவிட விழைந்தார். இங்கிலாந்து சென்று நூலகவியல் பயின்று வந்தபின் முடிவெடுக்கலாம் என்று அறிவுறுத்தப்பட்டதால், அவ்வாண்டே கப்பலேறினார்.

பொம்மை காட்டிய வழி

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்விக் சேயர்ஸ் என்னும் நூலகவியல் அறிஞரிடம் அவர் பயின்றார். அக்காலத்தில் பல நூலகங்களில், மெல்வில் டூயி என்னும் அமெரிக்கர் 1876ஆம் ஆண்டு வெளியிட்ட பதின்மப் பகுப்பு முறை வழங்கி வந்தது. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் எண் குறிக்கப்பட்டிருந்தது. ஆனால், அறிவுத்துறைகள் நாள்தோறும் கிளைக்கின்றன. ஒன்றோடொன்று கலந்து புதிய பொருள்களைத் தருகின்றன. அப்புதியவற்றிற்குப் பழைய பட்டியலில் உரிய இடம் எளிதில் கிடைக்கவில்லை.

இச்சிக்கல் மனத்தில் சுழன்றுகொண்டிருந்தபோது, இலண்டன் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளை இரங்கநாதன் கண்டார். சில உலோகப் பட்டைகள், தண்டுகள், திருகுகள் ஆகியவற்றை வெவ்வேறு வகையில் இணைத்துப் பற்பல உருவங்களை ஆக்க முடிந்தது. பொருள்கள் அனைத்திற்கும் முன்னரே எண் வகுக்க வேண்டியதில்லை. அடிப்படைக் கூறுகளை மட்டும் வகுத்துக்கொண்டு, தேவைக்கேற்ப இணைத்துக்கொள்ளலாம் என்னும் தெளிவு அவருக்குப் பிறந்தது. அக்கூறுகளை முக்காற்புள்ளியால் இணைத்தமையால், 1933இல் வெளிவந்த அவருடைய முறை கோலன் பகுப்பு முறை எனப் பெயர் பெற்றது. பின்னாளில் ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து அடிப்படை வகைகளை அவர் வரையறுத்தார்.

பகுத்தலும் தேடலும்

இந்தியாவில் நுரையீரல் காசநோய்க்கு 1950ஆம் ஆண்டளவில் அளிக்கப்பட்ட மருத்துவம் குறித்து ஒருவர் ஆராய்வதாகக் கொள்வோம். காசநோய் என்னும் ஒரு சொல்லை மட்டும் கொண்டு தேடினால் கடலளவு செய்திகள் வரும். நுரையீரல், காசநோய், மருத்துவம், இந்தியா, 1950 என அப்பொருளைக் கூறுகளாகப் பிரித்துப் பின்னர் இணைத்தால் தேடல் கூர்மை பெறும். கிடைப்பவை மிகச் சிலவாயின், ஒரு கூற்றை நீக்கித் தேடலை விரிக்கலாம். ஒரே பொருளை ஆசிரியர்கள் வெவ்வேறு சொற்களால் குறிப்பர் என்பதால், நூற்பட்டியலில் வழங்கும் பொருட்சொல்லையும் அறிந்துகொள்ளுதல் நலம். இன்றைய தரவுத்தளங்களில் பொருள், இடம், காலம் எனப் பிரித்துத் தேடும் வசதியில் இரங்கநாதனின் சிந்தனை துலங்குகிறது. கருவி எத்துணை விரைவானதாயினும், கேள்வியைப் பகுக்கும் பணி தேடுபவருடையதே.

படிப்பவருக்காகவே நூலகம்

1931ஆம் ஆண்டு நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டார். நூல்கள் பூட்டி வைப்பதற்கு அல்ல, பயன்படுவதற்கே. படிப்பவர் ஒவ்வொருவருக்கும் உரிய நூலும், நூல் ஒவ்வொன்றிற்கும் உரிய படிப்பவரும் கிடைக்க வேண்டும். படிப்பவரின் காலம் வீணாகலாகாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருப்பது என்பன அவற்றின் சாரம். தேடிய நூல் நூலகத்தில் இருந்தும் கைக்கு எட்டவில்லையெனில், அது இல்லாததற்கு ஒப்பாகும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். ஆகவே, படிப்பவர் தாமே நூலடுக்குகளை அணுகி நூல்களைத் தேர்ந்தெடுக்க வழிசெய்தார். அவர்களுக்குத் துணைபுரியப் பணியாளர்களையும் அமர்த்தினார். 1948ஆம் ஆண்டு நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டத்திற்கும் அவருடைய முயற்சி அடித்தளமாக அமைந்தது.

காசி, தில்லிப் பல்கலைக்கழகங்களிலும் பணியாற்றிய அவர், 1962இல் பெங்களூரில் ஆவணமாக்க ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை நிறுவினார். தம் சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் உரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்து, நூலகவியல் பேராசிரியர் பதவியொன்று நிலைபெறச் செய்தார். 1957ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

சில நாள்களில் விட்டுச்செல்ல விரும்பிய துறைக்கே வாழ்நாளின் பெரும்பகுதியை ஈந்தவர் இரங்கநாதன். தேடத் தொடங்குமுன் தாம் தேடுவது யாதெனத் தெளிந்துகொள்ளும் ஒவ்வொரு மாணவரும் அவர் வகுத்த வழியில் நடப்பவரே ஆவார்.