மனத்தை அளந்த டாக்டர்

திருவண்ணாமலைக்கு வராமலே ரமணரைப் பற்றி எழுதியவர்

டாக்டர் கார்ல் யூங், உலகப் புகழ் பெற்ற மனோதத்துவ நிபுணர். சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்தவர். 1875-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார்.

யூங் டாக்டருக்குப் படித்தார். 1900-ம் ஆண்டு டிசம்பரில், சூரிச் நகர மனநோய் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார்.

காய்ச்சலை அளக்கத் தெர்மாமீட்டர் உண்டு. மனத் துயரத்தை எதை வைத்து அளப்பது? இந்தக் கேள்விக்கு அவர் விடை தேடினார்.

நூறு வார்த்தைகள்

நோயாளியை எதிரே உட்கார வைப்பார். நூறு வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். கேட்டதும் மனதில் முதலில் தோன்றும் வார்த்தையை நோயாளி சொல்ல வேண்டும். நம் ஊரில் என்றால், தண்ணீர் என்றதும் குடம் என்பார்கள். கல்யாணம் என்றதும் தாலி என்பார்கள்.

யூங் கையில் கடிகாரம் இருக்கும். பல வார்த்தைகளுக்குச் சட்டென்று பதில் வரும். ஏதோ ஒரு வார்த்தைக்கு மட்டும் வாய் தடுமாறும். மனதில் புண் இருப்பது அங்கேதான்!

ஒரு தாயின் ரகசியம்

அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண் வந்தாள். மனச்சிதைவு நோய், குணமாவது கடினம் என்று டாக்டர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். யூங் மட்டும் அதை நம்பவில்லை. இந்தச் சோதனையைச் செய்தார். அவளுடைய கனவுகளையும் கேட்டார். உண்மை வெளிவந்தது.

கல்யாணத்துக்கு முன் அவள் ஒருவரை விரும்பினாள். அவருக்குத் தன்மேல் ஆசை இல்லை என்று எண்ணி, வேறு ஒருவரை மணந்தாள். அவரும் தன்னை விரும்பினார் என்பது 5 வருடம் கழித்துத் தெரிந்தது. அன்றுமுதல் மனம் உடைந்தாள்.

ஒருநாள் குழந்தைகளைக் குளிப்பாட்டினாள். அது குடிக்க உதவாத அசுத்தத் தண்ணீர். மகள் அந்தத் தண்ணீரில் நனைந்த பஞ்சை வாயில் வைத்துச் சப்பினாள். தாய் பார்த்தாள், தடுக்கவில்லை. மகள் டைபாய்டு காய்ச்சலில் இறந்தாள்.

இதைச் சொன்னால் அவள் தாங்குவாளா? யூங் தயங்கினார். பிறகு துணிந்து, அவளிடமே எடுத்துச் சொன்னார். அவள் துடித்தாள். ஆனால் பாரம் இறங்கியது. இரண்டே வாரத்தில் வீடு திரும்பினாள்!

இந்தியாவில்

1937-ம் ஆண்டு இறுதியில் யூங் இந்தியா வந்தார். திருவனந்தபுரம் வரை வந்தவர், திருவண்ணாமலைக்குப் போகவில்லை. ஆனால் திருவனந்தபுரத்தில் ரமணரின் சீடர் ஒருவரைச் சந்தித்தார். அவர் பெரிய குடும்பத்தைக் காப்பாற்றி வந்த எளிய மனிதர். குடும்பப் பாரத்திலும் ஞானத்தோடு வாழ்ந்த அவர், யூங்கின் மனதில் நின்றார்.

நண்பர் சிம்மர், ரமணரைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதியிருந்தார். 1943-ல் அவர் காலமானார். மறு ஆண்டு யூங் அதற்கு முன்னுரை எழுதி வெளியிட்டார்.

யூங் 1961-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி மறைந்தார்.

தலையில் அடிபட்டவர், பக்கவாதம் கண்டவர், மறதியால் வாடும் முதியவர் ஆகியோருக்கு இன்றும் நினைவாற்றல் சோதனைகள் செய்கிறார்கள். சோதனை என்றதும் பயப்பட வேண்டாம். அது பைத்தியப் பட்டம் கட்டுவதற்கு அல்ல. தவறாகக் கட்டிய பட்டத்தை அவிழ்ப்பதற்கும் அது உதவும்!