தஞ்சையில் மராட்டிய அரசு கண்ட ஏகோஜி

சரசுவதி மகால் நூல்நிலையத்தையும் அதனைப் பேணி வளர்த்த இரண்டாம் சரபோஜி மன்னனையும் அறியாத தமிழ் மாணவர் மிகச் சிலரே. ஆயின் அம்மன்னனது குலத்தைத் தஞ்சையில் ஊன்றிய ஏகோஜியோ, மராட்டிய வீரன் சிவாஜியின் தம்பி என்ற அளவிலேயே நூல்களில் வந்து மறைகின்றான். அவ்வுறவே அவனுக்குப் பெருஞ் சுமையாயிற்று.

பீஜப்பூர்ச் சுல்தானின் தளபதியருள் ஒருவனாகிய ஷாஜி போன்ஸ்லேக்கு ஜீஜாபாய் வயிற்றிற் பிறந்தவன் சிவாஜி. துக்காபாய் வயிற்றிற் பிறந்தவன் ஏகோஜி. வெங்காஜி என்பதும் இவன் பெயரே. மூத்தவன் அன்னையோடு பூனாவில் வளர்ந்தான். இளையவன் தந்தையோடு பெங்களூரில் வளர்ந்தான். 1664இல் தந்தை வேட்டையிற் குதிரையினின்று வீழ்ந்து இறந்தபின் பெங்களூர் இளையவன் கைக்கு வந்தது. தமையன் பீஜப்பூரை எதிர்த்து வாளெடுத்தான். தம்பியோ அதற்கே ஊழியஞ் செய்தான்.

தஞ்சை நாயக்க மன்னன் விசயராகவன் 1673இல் மதுரைச் சொக்கநாத நாயக்கனோடு பொருது மாண்டான். மதுரையார் அளகிரி நாயக்கனைத் தஞ்சையில் அமர்த்தினர். விசயராகவன் மரபிற் பிழைத்த செங்கமலதாசன் என்னுஞ் சிறுவனுக்காக அவன் பக்கத்தார் பீஜப்பூரின் உதவியை நாடினர். சுல்தானின் ஆணையாற் படையொடு வந்த ஏகோஜி, அளகிரியை வென்று சிறுவனை அரியணையில் ஏற்றினான். ஆயினும் நெடுங்காலஞ் செல்லுமுன், 1676இல், கோட்டையைத் தானே கைப்பற்றி அரசனானான். வேங்கண்ணன் என்னும் அதிகாரி தான் விரும்பிய பதவி கிட்டாமையாற் சினந்து அவனைத் தூண்டினான் என்பர். தூண்டினோர் யாவராயினும், காக்க வந்தவனே கவர்ந்துகொண்டான் என்னும் பழி அவனைவிட்டு நீங்காது.

அவனது ஆட்சி எத்தகையது? அக்காலத்துக் கிறித்தவப் பாதிரிமார் எழுதிய கடிதங்கள் இருவேறு முகங்களைக் காட்டுகின்றன. 1676ஆம் ஆண்டுக் கடிதம், தூர்ந்துகிடந்த வாய்க்கால்களையும் ஏரிகளையும் திருத்தி விளைவைப் பெருக்கினான் எனப் புகழ்கின்றது. 1683ஆம் ஆண்டுக் கடிதமோ, விளைவில் ஐந்தில் நான்கு பங்கை வரியாகக் கொண்டான் என முறையிடுகின்றது. இடையிலே நிகழ்ந்தவை யாவை என்பதை நோக்குதல் வேண்டும்.

1677இல் சிவாஜி பெரும்படையுடன் தெற்கே வந்து செஞ்சியைக் கைக்கொண்டான். பின்னர்க் கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமழபாடியில் தம்பியை வரவழைத்து, தந்தை விட்டுச்சென்றவற்றிற் பாதியைக் கேட்டான். சில நாட்கள் பேச்சு நிகழ்ந்தது, முடிவு பிறக்கவில்லை. தமையன் தன்னைச் சிறைப்படுத்துவானோ என அஞ்சிய ஏகோஜி, ஓரிரவில் எவரும் அறியாமற் கொள்ளிடத்தைக் கடந்து தஞ்சை புகுந்தான். சிவாஜி பின்தொடரவில்லை, ஆற்றின் வடபாலுள்ள நிலங்களைத் தனதாக்கிக்கொண்டு மீண்டான்.

அந்நிலங்களை மீட்க எண்ணி, அவ்வாண்டு நவம்பரில் சிவாஜியின் படைத்தலைவர் மீது ஏகோஜி போர் தொடுத்தான். எதிர்நின்றவருள் சந்தாஜி என்பவனும் ஷாஜிக்கு ஒரு மகனே! பகலில் வென்ற ஏகோஜி இரவில் தோற்றான். அதன்பின், போரை விடுத்து உடன்படுமாறு அறிவு கூறியவள் அவன் மனைவி தீபாபாய். ரகுநாத பந்து என்னும் அமைச்சன் நடுநின்று பேசினான். தஞ்சை தம்பிக்கே என உறுதியாயிற்று. பெங்களூர் முதலிய ஊர்களைத் தீபாபாய்க்கு மானியமாக அளித்தான் சிவாஜி. இவ்வரலாற்றில் எம் உள்ளத்தைக் கவர்பவள் இப்பெண்மணியே.

அமைதி வந்தும் ஏகோஜி தேறவில்லை. அரசியலில் வெறுப்புற்றுத் துறவிபோல் வாழத் தலைப்பட்டான். அதனைக் கேள்வியுற்ற சிவாஜி, சோம்பியிராது கடமையாற்றும்படி தம்பிக்குக் கடிதம் விடுத்தான். அது 1680இல், அவனே இறந்த ஆண்டில். தெலுங்கிலே துவிபத யாப்பில் அமைந்த இராமாயணம் ஒன்று ஏகோஜியின் பெயரால் வழங்குகின்றது. தம்பியர் தமையனுக்காக நாடு துறந்த அக்கதையை இவன் எம்மனத்தோடு பாடினானோ!

1684ஐ ஒட்டி ஏகோஜி மறைந்தான். பெங்களூர் 1687இலும் செஞ்சி 1698இலும் மொகலாயர் வசமாயின. தஞ்சையிலோ அவன் மைந்தர் ஷாஜி, முதலாம் சரபோஜி, துக்கோஜி என்னும் மூவரும் ஒருவர்பின் ஒருவராய் 1736 வரை ஆண்டனர். ஆண் வழித்தோன்றல் இன்றி 1855இல் இரண்டாம் சிவாஜி இறந்தபோதுதான் ஆங்கிலேயர் அவ்வரசை முடித்தனர்.